இராமேசுவரத்தில் தொடங்கிய ஊழல் எதிர்ப்பு அரசியல்: மக்கள் நீதி மய்யம்

முன்னுரை

ஊழல் எதிர்ப்பை முதன்மைக் கொள்கையாகக் கொண்டு தோன்றும் சிறு கட்சிகளுக்குத் தொடக்கத்தில் ஆட்சிச் சாதனையோ அமைப்பு வலிமையோ இருப்பதில்லை. எனவே, நேர்மைக்கு அடையாளமான ஒருவரின் பெயரைச் சான்றாக முன்னிறுத்துகின்றன. இராமேசுவரத்தில் தொடங்கிய அத்தகைய அரசியலின் போக்கை, மக்கள் நீதி மய்யத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கலாம் என்னும் நற்சான்று

மேனாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2015 சூலை 27இல் மறைந்தார். பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய அறிவியல் ஆலோசகராக இருந்த வெ. பொன்ராஜ், 2016 பிப்ரவரியில் இராமேசுவரத்தில் கலாமின் பெயரிலேயே ஒரு கட்சியைத் தொடங்கினார். கலாமின் குடும்பத்தினர் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2018 பிப்ரவரி 21 காலையில் நடிகர் கமல்ஹாசன் இராமேசுவரத்தில் கலாமின் இல்லத்திலிருந்து பயணம் தொடங்கினார். கலாம் பயின்ற பள்ளிக்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. மீனவர்களைச் சந்தித்தபின், இராமநாதபுரம், தம் பிறந்த ஊரான பரமக்குடி வழியாக மதுரை சென்று, அன்று மாலை கட்சியின் பெயரை அறிவித்தார். மேடையில் தில்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலும் இருந்தார்.

கிராம சபையும் தேர்தல் புறக்கணிப்பும்

2016 அக்டோபருக்குப் பின் தமிழக ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இல்லை. தனி அலுவலர்களே நிருவகித்தனர். ஊராட்சியின் வரவு செலவை மக்கள் நேரில் வினவக்கூடிய மன்றம் கிராம சபையே. 2018இல் மய்யம் கிராம சபைகளை வலியுறுத்தியது இச்சூழலில் பொருத்தமான முயற்சியாகும். ஊழல் எதிர்ப்பு, தலைவரின் நேர்மையிலிருந்து மக்களின் தணிக்கைக்கு நகரும் வாய்ப்பு அதில் இருந்தது.

ஆயினும், 2019 திசம்பரில் இராமநாதபுரம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கட்சி போட்டியிடவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலே அதன் இலக்காயிற்று. கிராம சபையைக் கூட்டும் பொறுப்பு ஊராட்சித் தலைவருக்குரியது. அப்பதவிக்குரிய தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடைபெறுவது. எனினும், தன் ஆதரவாளர்களை அங்கு வளர்க்கும் வாய்ப்பைக் கட்சி பயன்படுத்தவில்லை.

வாக்குகள் காட்டுவது

2019 மக்களவைத் தேர்தலில் மய்யம் ஏறத்தாழ 3.7 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றது. கோவை, தென்சென்னை ஆகிய தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. ஆதரவு பெரிதும் நகர்ப்புறம் சார்ந்திருந்தது. 2021இல் பொன்ராஜும் மய்யத்தில் இணைந்து துணைத் தலைவரானார். அவ்வாண்டு கமல்ஹாசன் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். பொன்ராஜ் உள்ளிட்டோர் விலகினர். 2024இல் கட்சி தி.மு.க. கூட்டணியை ஆதரித்தது; 2025 சூலையில் கமல்ஹாசன் மாநிலங்களவை உறுப்பினரானார்.

முடிவுரை

கலாமின் பெயர் இரு கட்சிகளுக்கும் அறிமுகத்தைத் தந்தது, அமைப்பைத் தரவில்லை. ஊழலை வினவும் அன்றாட அதிகாரம் ஊராட்சியில் இருக்க, மய்யம் சட்டமன்றத்தை நோக்கியது. தலைவரின் நேர்மையைச் சார்ந்த ஊழல் எதிர்ப்பு, தலைவரின் தோல்வியோடு தளர்கிறது என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.