தராசில் பிறந்த சொல்

பங்கு விழாக்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் 'டேலண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று தாராளமாய்ப் புழங்குகிறது. நன்றாகப் பாடும் பிள்ளைக்கு அது உண்டு என்பர். மேடையேறத் தயங்கும் பிள்ளைக்கு இல்லை என்பர். அப்பிள்ளையின் காதுபடவே அவ்வாறு சொல்வதுதான் நம்மை வருத்துகிறது.

இச்சொல் பிறந்த இடம் மேடையன்று, தராசு. 'தாலந்தோன்' என்ற கிரேக்கச் சொல் முதலில் தராசைக் குறித்தது. பின்னர் ஒரு நிறையையும், அந்நிறையுள்ள வெள்ளியையும் குறிக்கலாயிற்று. ஏதென்ஸ் நகர வழக்கில் ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ. மதிப்பில் 6000 திராக்மா. இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், 15ஆம் நூற்றாண்டில் அங்கே 'இயல்பாய் அமைந்த திறமை' என்ற பொருளைப் பெற்றது. அப்பொருளை ஈந்தது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்து உவமையே. தாலந்து என்பது இறைவன் அருளிய கொடை என மறையுரையாளர் விளக்கி விளக்கி, விளக்கமே சொல்லின் பொருளாகிவிட்டது.

ஆயினும் உவமையைச் சற்று ஊன்றிப் படியுங்கள். தலைவர் தம் ஊழியருக்கு அவரவர் திறமைக்கேற்பத் தாலந்துகளை அளித்தார் என்கிறது 15ஆம் வசனம். அப்படியானால் திறமை வேறு, தாலந்து வேறு! திறமை ஊழியனிடம் முன்னரே இருந்தது. தாலந்தோ தலைவரின் உடைமை, நம்பி ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தமிழ் விவிலியம் 'தாலந்து' என்றே வைத்திருப்பது நல்லதாயிற்று.

ஒரே தாலந்து பெற்றவனைக் கண்டு இரங்குவோர் பலர். அவன் பெற்றது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அது ஏறக்குறைய ஒரு திராக்மாவுக்குச் சமம். ஆகவே ஒரு தாலந்து 6000 நாள் கூலியாகிறது. ஓய்வு நாளும் திருநாளும் நீக்கி ஆண்டுக்கு 300 நாள் வேலை எனக் கொண்டால், 20 ஆண்டு உழைப்பின் ஊதியம்! மூவரில் மிகக் குறைவாகப் பெற்றவனின் பங்கு இது.

தனக்குக் குறைத்துத் தந்தார்கள் என்று அவனும் முறையிடவில்லை. அஞ்சியதாகவே 25ஆம் வசனத்தில் சொல்கிறான். அத்தனை வெள்ளியையும் நிலத்தில் புதைக்க அவன் கொஞ்சமேனும் வியர்வை சிந்தியிருக்க வேண்டும். தலைவரோ அவனைச் சோம்பேறி என்றே அழைக்கிறார்.