லோடு இறங்கும் இடம்

சங்ககிரிப் பிள்ளைகளுக்கு லாரியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடி கட்டுவதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஆகவே லாரியிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்கதவு சரியாக மூடாத மணல் லாரி, ரோடு முழுக்க மணலைச் சிந்திக்கொண்டே போகும். கட்டியை அழிக்க உடம்புக்குள் எக்ஸ் கதிர் போவதும் அப்படித்தான். வழியெல்லாம் ஆற்றலைச் சிந்தி, கட்டியையும் தாண்டி, மறுபக்கம் வெளியேறிவிடும். கார்டோமா என்று ஓர் எலும்புக் கட்டி இருக்கிறது. மண்டை ஓட்டின் அடியிலோ முதுகெலும்பின் அடிமுனையிலோதான் பெரும்பாலும் வரும். மண்டை ஓட்டின் அடியில் வந்தால், பக்கத்திலேயே மூளைத்தண்டும் கண் நரம்பும். அங்கே போய்ச் சிந்தலாமா?

அணுவுக்குள் இருக்கும் துகளான புரோட்டான் வேறு மாதிரி. சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019-ல் திறந்தது. இந்தியாவில் இதுதான் முதல். அங்குள்ள சைக்ளோட்ரான் என்ற எந்திரம் 200 டன்னுக்கும் மேல். லோடு ஏற்றிய பத்துச் சக்கர லாரிகள் ஏழெட்டு சேர்ந்த கனம்! அதற்குள் சுற்றிச் சுற்றி வேகமெடுக்கும் புரோட்டான், நொடிக்குச் சுமார் 1,80,000 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது.

வேகமாக ஓடும்வரை அது வழியிலுள்ள அணுக்களை அவ்வளவாகச் சீண்டாது. வேகம் குறையக் குறைய, ஒவ்வோர் அணுவின் அருகிலும் கூடுதல் நேரம் இருக்கிறது; அதன் எலக்ட்ரான்களை இன்னும் பலமாக இழுக்கிறது. நிற்கப்போகும் கடைசிச் சில மில்லிமீட்டரில் பெரிய லோடு மொத்தமாக இறங்கிவிடும். வழியில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். ஆனால் தாண்டிப் போகாது. ஆல்ஃபா துகள்களில் இந்தக் குணத்தை 1904-லேயே கண்டவர் வில்லியம் பிராக். புரோட்டானை இப்படி வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் எழுதியது 1946-ல்.

எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கிளப்பிவிடும் வேகமே முடிவு செய்கிறது. முழு வேகத்தில் விட்டால் ஓர் அடி ஆழத்துக்குச் சற்று மேல்; குறைத்தால் நாலு சென்டிமீட்டர்.

எல்லாக் கட்டிக்கும் இது தேவையில்லை, செலவும் அதிகம். இன்றைய எக்ஸ் கதிர் எந்திரங்களும் பல திசையிலிருந்து குறிபார்த்து அடிக்கக் கற்றுவிட்டன.

லாரி சரியாக வந்தும் லோடு இறங்கும் இடம் நகர்ந்துவிட்டால்? தலையில் கட்டி உள்ளவருக்குத் தலை அசையாமல் இருக்கவே ஒரு முகமூடி செய்வார்கள். துளைத் துளையான பிளாஸ்டிக் தாளை வெந்நீரில் போட்டால், நனைந்த அப்பளம்போலத் துவளும். இளஞ்சூட்டோடு முகத்தில் போர்த்தி மெல்ல அழுத்துவார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடும், மூக்கு நுனி வரை அச்சாக.