பாடம் பிள்ளைக்கு, பூட்டு பெரியவர்க்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நன்றி நவிலல் நாளை அடுத்து வரும் திங்கள்கிழமை ஊர்ப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறை. பண்டிகைக்காக அன்று, மான் வேட்டைக்காக. வேட்டைப் பருவத்தின் முதல் நாளில் மாணவர்களும் ஆசிரியர்களும் காட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால் ஏற்பட்ட வழக்கம் இது. 2019 முதல் பருவம் சனிக்கிழமையே தொடங்கினாலும், திங்கள்கிழமை விடுமுறை பல ஊர்களில் இன்றும் நீடிக்கிறது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யப்பட்ட நாட்டில் வாழும் நமக்கு இது வியப்பாகத் தோன்றும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் கையில் துப்பாக்கியா என்று திகைப்போம். ஆனால், நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாட்டில் வளர்கிறார்கள். அவர்கள் விளையாடப் போகும் அண்டை வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடும். எனவே, துப்பாக்கிப் பாதுகாப்பையும் வேட்டை அறத்தையும் அங்கே குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறார்கள், அந்தக் கல்வி எங்கே பயன் தருகிறது, எங்கே தோற்கிறது என்பதை அறிவது நமக்கும் தேவையாகிறது.

வேட்டை உரிமம் பெறப் பயிற்சி கட்டாயம் என்ற முறையை நியூயார்க் மாநிலம் 1949-இல் கொண்டுவந்தது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. பயிற்சியின் அடிப்படை விதிகள் நான்கு. ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும். குழலின் முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையையே நோக்கியிருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, இலக்குக்கு அப்பால் இருப்பது எது என்பது உறுதியாகத் தெரியாமல் சுடக் கூடாது. இவற்றோடு, பிற வேட்டைக்காரர்களின் கண்ணில் படும்படி பளிச்சிடும் ஆரஞ்சு நிற உடை அணிவதும் பல மாநிலங்களில் சட்டமாகவே உள்ளது.

பயிற்சியின் மறுபாதி அறம். விலங்கு நெடுநேரம் துன்புறாமல் உடனே உயிரிழக்கும்படி குறிவைக்க வாய்க்காவிட்டால் சுடாமல் விட்டுவிட வேண்டும். காயம்பட்டு ஓடும் மானைக் கைவிடாமல் தேடிச் செல்ல வேண்டும். இறைச்சியை வீணாக்கக் கூடாது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் கொல்லக் கூடாது. தப்பிக்க வழியில்லாத விலங்கைச் சுடுவது இழிவு. 1902-இல் மிசிசிப்பி காட்டில், மரத்தில் கட்டிவைக்கப்பட்ட கரடியைச் சுட அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மறுத்ததும், அந்நிகழ்ச்சியிலிருந்து ‘டெடி’ கரடிப் பொம்மை பிறந்ததும் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான கதை. காட்டியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் வேட்டையின் தனித்தன்மை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். விளையாட்டு வீரனைப் பார்க்கக் கூட்டம் உண்டு, வேட்டைக்காரனைப் பார்க்க எவரும் இல்லை. அங்கே அவனுக்கு நடுவர் அவனுடைய மனச்சான்றுதான்.

இந்த அறம் வரலாற்றில் பட்ட காயத்திலிருந்து பிறந்தது. வானை மறைத்துப் பறந்த பயணப் புறாக்களின் இனம், வரைமுறையற்ற வேட்டையால் நலிந்து, 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் கடைசிப் பறவையும் இறந்ததோடு முடிந்தது. அதன்பின் 1937-இல் இயற்றப்பட்ட பிட்மன் - ராபர்ட்சன் சட்டம், பொருளியல் படித்தவர்கள் மெச்சத்தக்க ஏற்பாடு. ரைஃபிள்கள், தோட்டாக்கள் ஆகியவற்றின் மீதான 11 விழுக்காட்டு உற்பத்தி வரி, வன உயிரின மீட்புக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வேட்டை உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பினால் இந்த நிதி கிடைக்காது. பின்னர் கைத்துப்பாக்கி மீதான 10 விழுக்காட்டு வரியும் இதில் சேர்ந்தது. வேட்டைப் பயிற்சிக்கும் இந்நிதியிலிருந்து பணம் போகிறது. பயன்படுத்துபவரே செலவை ஏற்கிறார்.

இந்தக் கல்விக்கு அங்கே இருக்கும் ஆதரவு கட்சி எல்லைகளைக் கடந்தது. யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டதை அடுத்து 2022-இல் வந்த சட்டத்துக்குப் பொருள் கொண்ட கல்வித் துறை, பள்ளிகளின் வேட்டை, வில்வித்தை வகுப்புகளுக்குக் கூட்டாட்சி நிதி கூடாது என்றது. எதிர்ப்பு எழுந்தது. 2023-இல் அந்தத் தடையை நீக்கும் திருத்தம் பிரதிநிதிகள் அவையில் 424-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது.

ஆனால், இக்கல்வியின் பெருமையை வைத்துக்கொண்டு, வீட்டில் துப்பாக்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதை நியாயப்படுத்த முடியாது. 2001-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு ஆய்வாளர்கள் கவனித்தனர். மேசை இழுப்பறைகளில் நீர்த்துப்பாக்கிகளோடு, சுட இயலாதபடி செய்யப்பட்ட உண்மையான கைத்துப்பாக்கியும் இருந்தது. 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் சிறுவர்கள் அதைக் கையில் எடுத்தனர். 10 குழுக்களில் விசையையும் அழுத்தினர். துப்பாக்கியைக் கையாண்ட சிறுவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்!

ஒரே பாடம் காட்டில் நிலைத்து, வீட்டில் மறைவது ஏன்? காட்டில் பாடம் தனியாக இல்லை. அருகில் பெரியவர் நிற்கிறார். உரிமம் இருக்கிறது, மீறினால் தண்டனை இருக்கிறது. மூடிய அறையில், நண்பனின் முன்னிலையில், சிறுவனுக்குத் துணையாக இருப்பது நினைவு மட்டுமே. ஆர்வம் மேலிடும் வயதில் நினைவு வலுவான காவலன் அன்று.

2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானோரின் இறப்புக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி உள்ளது. இதில் கைதவறி நேரும் விபத்துகள் சிறு பகுதியே. கொலையும் தற்கொலையுமே பெரும்பகுதி. மனம் உடைந்த ஒரு பதின்பருவத்துப் பிள்ளைக்குக் குழல்முனை விதி தெரிந்திருந்து பயன் என்ன? அந்தக் கணத்தில் பூட்டு ஒன்றுதான் அவனுக்கும் ஆபத்துக்கும் இடையே நிற்கும்.

இந்த உண்மையைச் சட்டமும் ஏற்கத் தொடங்கியுள்ளது. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் நால்வரைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கியைச் சில நாள்களுக்கு முன்புதான் அவனுடைய தந்தை வாங்கியிருந்தார். 2024-இல் தாய், தந்தை இருவருக்கும் தனித்தனியே 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறுவர்கள் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது.

ஒருவரின் கவனக்குறைவுக்கு மற்றவர் விலை கொடுப்பதைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. பூட்டாத துப்பாக்கி அதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. பூட்டின் விலை அற்பம், அது இல்லாததன் விலையை அடுத்த வீட்டுக் குழந்தை கொடுக்கிறது.

ஆகவே, அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்கள், குழந்தையை நண்பன் வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது. “உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? அது பூட்டி இருக்கிறதா?” அங்குள்ள குழந்தை மருத்துவர்களே பரிந்துரைக்கும் கேள்வி இது. நாய் உண்டா என்று விசாரிப்பதில் எவருக்கும் வருத்தம் இல்லை, இதிலும் இருக்க வேண்டியதில்லை. பொறுப்புள்ள வேட்டைக்காரர் இக்கேள்வியால் புண்பட மாட்டார், பெட்டகத்தின் சாவி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குக் கற்பிப்போம், தவறில்லை. யாரும் பார்க்காதபோதும் நெறி தவறாதிருப்பதே வேட்டையின் அறம் என்றால், அந்த அறத்துக்கு முதலில் உட்பட வேண்டியவர்கள் துப்பாக்கியை வாங்கிய பெரியவர்கள். அவர்கள் பூட்ட மறந்த பெட்டகத்துக்குக் குழந்தையின் நல்லறிவைக் காவல் வைப்பது அறமாகாது.