பெரிய இன நாய்க்குட்டிகளின் முன்கால் வளைவு

தோட்டக் காவலுக்காகக் கமக்காரர் வளர்க்கும் அல்சேசன் போன்ற பெரிய இன நாய்க்குட்டிகளின் எலும்புகள் 3 முதல் 6 மாதம் வரை மிக விரைவாக வளரும். முன்கால் வளைவு பெரும்பாலும் அக்காலத்திலேயே தோன்றும்.

சோறும் இறைச்சியும் மட்டும் உண்ணும் குட்டிக்குக் கல்சியம் போதாது. எலும்பு உறுதி குன்றும். ஆயினும், பெரிய இனக் குட்டிகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட உணவை உண்ணும் குட்டிக்கு மேலதிகக் கல்சியம் கொடுத்தலாகாது. இளங்குட்டியின் குடல் மிகுதியான கல்சியத்தைத் தடுக்கமாட்டாது; அதனாலும் எலும்பு கோணும். கொழுக்க ஊட்டுதலும் தீங்கே. விலாவெலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவில் வளர்த்தல் நன்று.

ஒரு கால் மட்டும் வளையின், அடிபட்டதனால் முன்காலின் இரு எலும்புகளுள் ஒன்றின் வளர்ச்சி நின்றிருக்கலாம். மற்றையது வளருந்தோறும் வளைவு மிகும். வளர்ச்சி முடிந்தபின் திருத்துதல் கடினம். ஆதலால், தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுக.