கோல்ஃப் ஸ்விங்: பயிற்சி எடுத்த பிறகு ஆட்டம் மோசமானால், அது ஏன் நல்ல அறிகுறியாக இருக்கலாம்?

ஆபீஸ் நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை காலை டிரைவிங் ரேஞ்ச் போனீர்கள். பத்து பந்து அடித்ததில் இரண்டு அழகாகப் பறந்தன. அந்த இரண்டுக்காகவே மறு வாரமும் போனீர்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. நூறு பந்து அடித்தாலும் அதே கதைதான். பந்து கிளம்பும்போது நேராகத் தெரிகிறது, பாதி வழியில் வலது பக்கம் வளைந்து வேலியை நோக்கிப் போகிறது. கோச்சிடம் நாலு வகுப்பு போனால், முன்பு வந்துகொண்டிருந்த அந்த இரண்டு நல்ல ஷாட்டும் வரவில்லை!

பெங்களூரு, குருகிராம், சென்னை என்று எங்கே கோல்ஃப் பழகினாலும், நிறைய பேர் கிளப்பைப் பரணில் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில், விட்டுவிடக் கூடாத நேரமும் இதுதான். அதற்கு ஆதாரம் இருக்கிறது.

30 பேர், 15 பந்து, இரண்டு வாரம்

2002-இல் விளையாட்டு அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் குவாடக்னோலி, ஹோல்கோம்ப், டேவிஸ் என்ற மூன்று ஆய்வாளர்களின் கட்டுரை வெளியானது. அவர்கள் 30 கோல்ஃப் ஆட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு கோச் வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு வாய்மொழியாக மட்டும். மூன்றாவது குழு யார் உதவியும் இல்லாமல் தானாகவே பயிற்சி செய்தது. தலா 90 நிமிடம் வீதம் நான்கு முறை பயிற்சி. சோதனை எளிமையானது: 7-அயர்ன் கிளப்பால் 15 பந்து அடிக்க வேண்டும். தூரமும் துல்லியமும் அளக்கப்படும்.

பயிற்சி முடிந்தவுடன் நடந்த சோதனையில் முன்னணியில் இருந்தது யார் தெரியுமா? கோச்சே இல்லாத குழு. சொல்லிக்கொடுக்கப்பட்ட இரண்டு குழுக்களும் அவர்களைவிட மோசமாக ஆடின.

இரண்டு வாரம் கழித்து அதே சோதனை. இந்த முறை முடிவு தலைகீழ். கோச்சிடம் கற்ற இரு குழுக்களும் முந்தின. அதிலும் வீடியோ பார்த்துக் கற்றவர்கள்தான் முதலிடம்.

30 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கோச்சுகள் அனுபவத்தில் சொல்வதும் இதேதான். பழைய பழக்கத்தைக் கலைத்தாயிற்று, புதுசு இன்னும் படியவில்லை. இடைப்பட்ட அந்த நாட்களில் உடம்பு இரண்டுக்கும் நடுவே தடுமாறும்.

டைகர் வுட்ஸுக்கே இது நடந்திருக்கிறது. 1997-இல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்த கையோடு, பயிற்சியாளர் புட்ச் ஹார்மனுடன் சேர்ந்து தன் ஸ்விங்கைப் பிரித்து மேய்ந்தார். 1998-இல் பிஜிஏ டூரில் அவர் ஜெயித்தது ஒரே ஒரு போட்டி. 'ஏன் இந்த வேண்டாத வேலை' என்றுதான் வெளியிலிருந்து பார்த்த பலருக்கும் தோன்றியிருக்கும். 1999-இல் எட்டுப் போட்டிகள். 2000, 2001-இல் தொடர்ந்து நான்கு மேஜர் பட்டங்கள்.

அதனால் ஒரு நடைமுறை யோசனை: அடுத்த வாரம் கம்பெனி டோர்னமென்ட் இருந்தால், இந்த வாரம் ஸ்விங்கில் கை வைக்காதீர்கள்.

பந்து ஏன் வளைகிறது?

எதைத் திருத்துகிறோம் என்று தெரியாமல் டிரில் செய்வதில் பயனில்லை. எனவே முதலில் இது. (வலது கை ஆட்டக்காரரை மனதில் வைத்துச் சொல்கிறோம். இடது கை என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.)

பந்தைத் தொடும் நொடியில் இரண்டு விஷயங்கள் முக்கியம். கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒன்று. கிளப் எந்தத் திசையில் பயணிக்கிறது என்பது இன்னொன்று. பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது முகம்தான். முகத்துக்கும் பயணத் திசைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. முகம் பயணத் திசையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். அதுதான் ஸ்லைஸ். நீண்ட காலம் இதைப் பயிற்சிப் புத்தகங்கள் பலவும் தலைகீழாகச் சொல்லிவந்தன. ரேடார் வைத்து அளக்கும் கருவிகள் பரவலான பிறகுதான் இந்த விளக்கம் நிலைத்தது.

இங்கதான் நம் உள்ளுணர்வு நம்மைக் கவிழ்க்கிறது. பந்து வலது பக்கம் போகுதா? சரி, கொஞ்சம் இடது பக்கம் பார்த்து நின்று, இடது பக்கமாக இழுத்து அடிப்போம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கிளப் இன்னும் இடப்பக்கமாகப் பயணிக்கும், முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான கோணம் கூடும், ஸ்லைஸ் இன்னும் மோசமாகும். மூன்று மாதமாக நூறு நூறு பந்தாக அடித்தது அந்தத் தவறுக்கான பயிற்சிதான்.

பெரும்பாலும் ஆரம்பம் பிடியில் இருக்கிறது. கிளப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள். இடது கையில் எத்தனை விரல் முட்டுகள் தெரிகின்றன? ஒன்றுகூடச் சரியாகத் தெரியவில்லை என்றால், முகம் திறந்தே வர வாய்ப்பு அதிகம். இரண்டு முட்டுகள் தெரியும்வரை கையை வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். முதல் நாள் அந்நியமாக இருக்கும். இருக்கத்தான் செய்யும்.

செல்போன் கேமரா எதைக் காட்டும், எதைக் காட்டாது?

நாம் செய்வதாக நினைப்பதும் நிஜத்தில் செய்வதும் ஒன்றல்ல. 'கிளப்பைப் பாதிதான் தூக்கினேன்' என்று சத்தியம் செய்வீர்கள். வீடியோவில் அது தலையைத் தாண்டிப் பின்னால் தொங்கும். வீடியோவின் முதல் பயன் இந்த இடைவெளியைக் காட்டுவதுதான்.

இரண்டு கோணம் போதும். ஒன்று, உங்கள் நெஞ்சுக்கு நேர் எதிரே. இன்னொன்று, உங்கள் வலப்பக்கத்தில் சற்றுத் தள்ளி, கைகளின் நேர்கோட்டில், இலக்கைப் பார்த்தபடி. கேமரா கை உயரத்தில், சாயாமல் இருக்க வேண்டும். நண்பர் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் கோணமெல்லாம் பொய் சொல்லும். ஒரு சின்ன ட்ரைபாட் வாங்கிவிடுங்கள்.

ஸ்லோமோஷன் அவசியம். கிளப் மேலிருந்து பந்துக்கு வர ஏறக்குறைய கால் நொடிதான் ஆகிறது. சாதாரணமாக நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் அதில் ஏழெட்டுப் படம் கிடைக்கும். 240 ஃபிரேம் வைத்தால் சுமார் 60. இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், எனவே காலை நேரம் உகந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 240 ஃபிரேமிலும் இரண்டு படங்களுக்கு நடுவே நான்கு மில்லிநொடி இடைவெளி இருக்கிறது. அதாவது அந்த முக்கியமான கணம் உங்கள் போனில் பதிவாகாமலே போகலாம். தண்டு வில் மாதிரி வளைந்து தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், பல சமயம் அது கேமரா சென்சாரின் வேலை. முகம் திறந்திருந்ததா என்பதைப் பந்தின் பாதையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நிற்கும் விதம், பந்து இருக்கும் இடம், முதுகின் சாய்வு, கிளப் இறங்கும் பாதை ஆகியவற்றை வீடியோவில் பாருங்கள். அதிலும் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று.

ஒவ்வொரு பந்துக்கும் போனை எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். உடனுக்குடன் கிடைக்கும் விடையையே நம்பிப் பழகினால், அது இல்லாதபோது கை ஓடாது. ஐந்து பந்து அடித்து, 'இப்படித்தான் வந்திருக்கும்' என்று முதலில் மனதுக்குள் ஊகித்துவிட்டு, பிறகு ஒரு முறை பாருங்கள். ஊகம் சரியாக வர ஆரம்பித்தால் உடம்பு பேசுவது உங்களுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

எந்த டிரில்?

யூடியூபில் ஆயிரம் இருக்கு. ஆரம்பத்தில் மூன்றுக்கு மேல் தேவையில்லை.

ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கு: கிளப்பின் துணி உறையையோ காலி அட்டைப் பெட்டியையோ பந்துக்குச் சற்றுப் பின்னால், இலக்குக் கோட்டுக்கு வெளிப்பக்கமாக வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே இழுத்து அடித்தால் அதில் இடிக்கும். இடிக்காமல் அடிக்க உடம்பே வழி கண்டுபிடிக்கும். யாரும் வாயால் சொல்லித் தர வேண்டியதில்லை.

தரையைக் கொத்துபவர்களுக்கு: பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு. அயர்ன் ஷாட்டில் கிளப் முதலில் பந்தையும், பிறகுதான் தரையையும் தொட வேண்டும். துண்டில் பட்டால் தவறு. இதை ரேஞ்சில் அவசியம் செய்ய வேண்டும், ஏனென்றால் செயற்கைப் புல் மேட் நம்மை ஏமாற்றும். பந்துக்கு முன்பே மேட்டில் பட்டாலும் கிளப் வழுக்கிப் போய் பந்தை ஓரளவு நன்றாகவே அடித்துவிடும். அதே ஷாட் நிஜப் புல்லில் மண்ணைத்தான் அள்ளும்.

மூன்றாவது, எல்லோருக்கும்: கடிகார முள்ளாகக் கையை நினைத்துக்கொண்டு, 9 மணியிலிருந்து 3 மணி வரை மட்டும் அரை ஸ்விங். போரடிக்கும், ஆனால் இதைவிட வேகமாக ஸ்விங்கைச் சீராக்கும் டிரில் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

டிரில் செய்யும்போது கவனம் எங்கே இருக்க வேண்டும்? 1999-இல் காப்ரியேல் வுல்ஃப் குழுவினர் புதிதாகக் கற்பவர்களிடம் நடத்திய ஆய்வில், கை அசைவை நினைத்தவர்களைவிட கிளப்பின் அசைவை நினைத்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். மறுநாளும் அந்த வித்தியாசம் நீடித்தது. 'முழங்கையை மடக்காதே' என்பதைவிட 'கிளப் அந்தப் பெட்டியைத் தொடாமல் வரட்டும்' என்று நினைப்பது மேல்.

நூறு பந்து கணக்கு

ஒரே கிளப், ஒரே இலக்கு, வரிசையாக 50 பந்து. இப்படி அடித்தால் நாற்பதாவது பந்து பிரமாதமாக இருக்கும். மைதானத்தில் அந்த நாற்பதாவது பந்து கிடையாது. ஒவ்வொரு ஷாட்டும் புது கிளப், புது தூரம், ஒரே வாய்ப்பு. எனவே புது அசைவு கொஞ்சம் பிடிபட்டதும் கலந்து அடியுங்கள்: ஒரு 7-அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு டிரைவர், ஒவ்வொரு முறையும் வேறு இலக்கு. ரேஞ்சில் பார்ப்பதற்குச் சுமாராக இருக்கும், மைதானத்தில் கைகொடுக்கும்.

வார நாட்களில் நேரமில்லையா? பந்தே இல்லாமல், கண்ணாடி முன் மெதுவாகப் பத்து ஸ்விங் போதும். (சீலிங் ஃபேன் ஜாக்கிரதை.) ஹாலில் கார்பெட் இருந்தால் பட்டிங் பழகலாம். பட்டர் தலை மட்டும் நுழையும் அளவுக்கு இரண்டு நாணய அடுக்குகளை வைத்து, அவற்றில் இடிக்காமல் தட்டுங்கள். பட்டிங்கைச் சாதாரணமாக எடைபோட வேண்டாம். பார்-72 மைதானத்தின் கணக்கில் பாதி, அதாவது 36 ஸ்ட்ரோக், பட்டிங்குக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார். அவர் நீண்ட தூரம் அடிக்கும் வீராங்கனை அல்ல. அவரை அந்த இடம்வரை கொண்டுபோனது பட்டர்தான்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு நேராக டிரைவரை எடுத்து வீசாதீர்கள். கோல்ஃபர்களுக்கு அதிகம் வலிப்பது கீழ் முதுகு. இடுப்பையும் மேல் முதுகையும் ஐந்து நிமிடம் சுழற்றி, வெட்ஜில் ஆரம்பியுங்கள். வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு போதும்.

முன்னேறுகிறீர்களா என்று தெரிய அந்த ஆய்வையே வீட்டுச் சோதனையாகச் செய்துபாருங்கள். இந்த வாரம் 7-அயர்னில் 15 பந்து அடித்து, எத்தனை பந்து நீங்கள் வைத்த எல்லைக்குள் விழுந்தன என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப் பயிற்சி செய்யுங்கள். பயிற்சி முடிந்த அன்றைக்கு எண்ண வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, அதே ரேஞ்ச், அதே கிளப், மறுபடி 15 பந்து.