பங்குனியில் பூப் பார்க்கலாம், வாங்க

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் பங்குனி, சித்திரையில் நடந்தால் கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடக்கும். கிளுவை வேலி இலையில்லாமல் நிற்கும். நான் இட்டேரி என்னும் வேலிப்பாதை ஓரம் குனிந்து நிற்பதைப் பார்த்தால், ஆடு மேய்க்கிற ஆத்தா, "என்னத்தக் கண்ணு தொலைச்சுப்போட்டே?" என்று கேட்பார். பூப் பார்க்கிறேன் என்றால் சிரிப்பார்.

ஊருக்குள் இருக்கும் பூவுக்குக் குனிய வேண்டியதில்லை. புங்க மரத்தடியில் நெல்பொரி கொட்டியதுபோல் கிடக்கும். வேம்பும் இப்போதுதான் பூக்கிறது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு அதை எல்லோரும் தேடுவார்கள். காட்டுப் பூக்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

வருஷம் முழுக்கக் கண்ணில் படுவதாலோ என்னவோ, ஆவாரையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு பூவைக் கிட்டத்தில் பாருங்கள். பத்துக் கேசரங்கள் இருக்கும்; மேலே உள்ள மூன்றும் மலடு. மற்றவற்றின் மகரந்தப் பை, பல பூக்களில் உள்ளதுபோல நீளவாக்கில் வெடித்துத் திறக்காது. நுனியில் சின்னத் துளை மட்டும்தான். கரிய தச்சன் வண்டு பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ங்ஙீ' என்று ஒரு சத்தம்; துளை வழியே மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். அடைத் தேனீக்கு இந்த வித்தை வராது. வண்டின் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே காலையில் போகலாம்.

கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் விஷ்ணுகிரந்தியைத் தேடுங்கள். தரையோடு படர்ந்த செடி. சுண்டுவிரல் நகத்தளவில் நீலப் பூ. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும். நெருஞ்சியின் மஞ்சள் பூவும் அழகுதான், செருப்புப் போட்டிருந்தால்.

வேலியோரம் பல நிறத்தில் சிரிக்கும் உண்ணிச்செடி நம்மூர்ச் செடியல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, காடுகளை அடைத்துக்கொண்டது. எனக்கு அதன்மேல் பிரியம் கிடையாது.

எருக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் இலையைத் திருப்பினால் மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டை போட்ட புழு இருக்கலாம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் குழந்தை அது. எருக்கின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். ஆனால், இலையையோ பூவையோ கிள்ளிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். முதலில் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். எருக்கம்பால் பட்டால் பார்வைக்கே கேடு.