180 நாள் கணக்கு: போதை வழக்கில் பிள்ளை சிக்கினால் குடும்பம் அறிய வேண்டியது

ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம், எளாவூர் பக்கம் கஞ்சா பிடிபட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஐந்தாறு பேராக ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவர்கள். அறையில் ஒரு பொட்டலம் கிடைத்தால், யாருடையது என்று தெரியும் முன்பே அத்தனை பேரும் வழக்கில் சேரக்கூடும்.

போதைப்பொருள் ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் "போதை வழக்கா? ஜமாஅத் தலையிடாது" என்று கதவைச் சாத்துவது சரியல்ல. குற்றம் நிரூபிக்கப்படும் முன் ஒருவரை எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்பதற்குச் சட்டமே எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லையைத் தெரிந்துகொள்வது குற்றத்துக்குத் துணை போவதாகாது.

1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ் சட்டத்தில் எல்லாமே அளவைப் பொறுத்தது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. ஹெராயினுக்கு வணிக அளவு 250 கிராம், மெத்தாம்பெட்டமைனுக்கு வெறும் 50 கிராம். வணிக அளவு என்று வந்துவிட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே வந்தாலும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். அது எளிதில் கிடைப்பதில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. வக்கீல்கள் அதை 'டீஃபால்ட் பெயில்' என்பார்கள். குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால், ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. வழக்கின் தன்மை அங்கே கேள்வியே இல்லை. 37-ஆம் பிரிவின் நிபந்தனையும் இதற்குப் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. வணிக அளவுக்கு அந்தக் காலம் 180 நாள். அதற்குக் குறைந்த அளவுகளுக்குப் பொதுவாக 60 நாள். கணக்கு கைதான நாளில் தொடங்காது. நீதிமன்றம் முதலில் ரிமாண்டு செய்த நாளில் தொடங்கும். அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்த்துவைத்தது.

சென்னையில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். வருவாய் புலனாய்வு இயக்ககம் போட்ட வழக்கு. கைதியின் பெயர் நமக்குத் தேவையில்லை. 2018 ஆகஸ்ட் 4-ல் ரிமாண்டு. 2019 ஜனவரி 31-ல் 180 நாள் முடிந்தது. மறுநாள் காலை 10.30-க்கு ஜாமீன் மனு போட்டார்கள். அன்று மாலை 4.25-க்கு அதிகாரிகள் அவசர அவசரமாகக் குற்றப் புகாரைத் தாக்கல் செய்தார்கள். சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 அக்டோபர் 26-ல் நீதிபதிகள் லலித், சாந்தனகவுடர், வினீத் சரண் அமர்வு ஜாமீனை மீட்டுக் கொடுத்தது. மனு முதலில் வந்துவிட்டது, அதனால் பின்னால் வந்த குற்றப் புகார் உரிமையைப் பறிக்காது என்றது. இது அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவைச் சார்ந்த உரிமை என்றும் சொன்னது.

இதை மறுபக்கமாகவும் படியுங்கள். அன்று மனு போடாமல் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்திருந்தால், மாலை 4.25-க்கு உரிமை போயிருக்கும். உரிமை வந்துவிட்டதைக் கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு வக்கீலுக்கும் நீதிபதிக்கும் சொல்கிறது. இருந்தாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். வீட்டுக் காலண்டரில் நீங்களே நாளைக் குறியுங்கள்.

இனி கால நீட்டிப்பு. 180 நாளில் விசாரணை முடியவில்லை என்றால் சிறப்பு நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டலாம். ஆனால் "ஆய்வக அறிக்கை வரவில்லை, இன்னும் சிலரைப் பிடிக்க வேண்டும்" என்று போலீஸ் ஒரு கடிதம் கொடுத்தால் போதாது. 36ஏ(4) பிரிவு கேட்பது அரசு வழக்கறிஞரின் அறிக்கை. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இந்தக் குறிப்பிட்ட மனிதரை ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். அந்த மனு காலக்கெடு முடிவதற்குள் வர வேண்டும். கைதிக்குத் தெரியாமல் நடக்கவும் கூடாது. குஜராத் வழக்கு ஒன்றில், நீட்டிப்பு மனு எடுக்கப்படும்போது கைதியை நேரிலோ காணொளியிலோ ஆஜர்படுத்திச் சொல்லாமல் விட்டது உரிமை மீறல் என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேறு சட்டத்தின் கீழ் வந்த வழக்குதான். நீட்டிப்பு விதி கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எனவே 150 நாள் தாண்டியதும் வக்கீலிடம் கேளுங்கள்: "நீட்டிப்பு மனு போட்டார்களா? நகல் கிடைத்ததா? ஆட்சேபம் போட்டீர்களா?"

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் புரோக்கரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்கு அழைக்கலாம். சிறைக்குள்ளிருந்தும் கேட்கலாம். ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் மறுபடி சிக்கல். பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்து வந்த தொழிலாளிக்கு உள்ளூரில் யார் கையெழுத்துப் போடுவார்? ஜமாஅத் உதவ முடிந்த இடம் இதுதான். ஜாமீன்தாரர் இருவரையும் அவர்களது ஆவணங்களையும் 180-ஆம் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தயாராக வைத்திருங்கள்.